போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கும் முன்: பர்மாவின் வறண்ட பகுதியில் மழையை மண்ணுக்குள் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

மெய்த்திலா, தாசி, யமேதின், மியிஞ்சான் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் யாரைப் பார்த்தாலும் மாசி பிறந்ததிலிருந்து ஒரே பேச்சுதான். கிணறு வற்றிவிட்டது, போர் காற்று வாங்குகிறது, இன்னும் நூறு அடி இறக்கினால் தண்ணீர் கிடைக்குமா? கிடைக்கலாம். ஆனால் பக்கத்துத் தோட்டக்காரரும் அதையே செய்வார், அவருக்கு அடுத்தவரும் செய்வார், இரண்டு மூன்று கோடையில் மறுபடியும் எல்லோரும் பழைய இடத்திலேயே நிற்போம். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தப் பகுதியில் பல இடங்களில் மேலே ஐராவதிப் படிவம் என்று சொல்லப்படும் மணல் அடுக்கு, அதற்குக் கீழே பழைய கடல் படிவமான பெகு அடுக்கு. மணல் அடுக்கில் பெரும்பாலும் நல்ல தண்ணீர் இருக்கும். பெகு அடுக்குக்குள் போனால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். லட்சக்கணக்கில் கியாட் செலவழித்து உப்புத் தண்ணீரை மேலே கொண்டுவந்தவர்கள் உண்டு. அதனால் போர் வண்டியைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வருஷம் பொறுத்து, பெய்கிற மழையை உங்கள் மண்ணுக்குள் இறக்கிப் பாருங்கள். அதை எப்படித் தொடங்குவது, எதைத் தொடக்கூடாது என்று, இதற்கு முன் இந்த வேலையே செய்யாதவர்களுக்காக எழுதுகிறேன்.

மழையே இல்லையே, எதைச் சேர்ப்பது என்றுதான் முதலில் கேட்பீர்கள். அரக்கான் மலைத்தொடர் மேகத்தை மறித்துக்கொள்வதால் மாந்தலே, மகுவே, சகாயிங் பிராந்தியங்களின் நடுப்பகுதியில் மழை குறைவு என்பது சரிதான், ஆனாலும் வருஷத்துக்கு 500 முதல் 1000 மில்லிமீட்டர் வரை பெய்கிறது. ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மழை பெய்தால் அது சுமார் ஒரு லட்சம் லிட்டர். வருஷத்துக்கு 30 அங்குலம் என்று வைத்தால் முப்பது லட்சம் லிட்டர் உங்கள் ஒரு ஏக்கரில் விழுகிறது. பிரச்சினை, அது வந்து சேரும் விதம். மே, ஜூனில் கொஞ்சம், ஆடி மாதத்தை ஒட்டிக் காற்று மட்டும் அடிக்கும் ஒரு வறண்ட இடைவெளி, அப்புறம் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கனமழை. பெய்யும்போது இரண்டு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு மணல் ஓடையில் இறங்கி ஐராவதிக்குப் போய்விடும். 2024 செப்டம்பரில் இதே வறண்ட யமேதின் பக்கம் வெள்ளத்தில் மூழ்கியது. தண்ணீர் வராத ஊர் இல்லை இது, வந்த தண்ணீர் நிற்காத ஊர்.

முதலில் கிணற்றை அளந்து எழுதுங்கள்

மண்வெட்டியைத் தொடும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். கயிற்றின் நுனியில் ஒரு கல்லையோ இரும்புத் துண்டையோ கட்டி, அடிக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள். கிணற்று விளிம்பில் ஓர் இடத்தில் பெயிண்டால் கோடு போட்டு, எப்போதும் அங்கிருந்தே கயிற்றை இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் தொடுகிறது என்று குறியுங்கள். காலையில், பம்பு போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் இறைத்ததால் இறங்கியதா, தானே இறங்கியதா என்று தெரியாது. மாதம் ஒருமுறை போதும். பௌர்ணமி என்று வைத்துக்கொண்டால் இந்த ஊரில் யாருக்கும் மறக்காது. எவ்வளவு மழை பெய்தது என்பதும் வேண்டும். வாயும் அடியும் ஒரே அகலமாக நேராக இருக்கும் ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் கம்பத்தில் கட்டி, ஒவ்வொரு மழைக்கும் ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். இந்த நோட்டு இல்லாமல் வேலை செய்தால் மூன்று வருஷம் கழித்துப் பலன் உண்டா இல்லையா என்பது வெறும் வாய்ப்பேச்சாகத்தான் இருக்கும்.

அதோடு தண்ணீரின் உப்பையும் பாருங்கள். பேனா மாதிரி இருக்கும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ரங்கூனிலும் மாந்தலேயிலும் கிடைக்கிறது. 1000க்கு மேல் காட்டினால் குடிக்க வாய்க்கு ஒவ்வாது. ஐராவதிக் கரையை ஒட்டிய வண்டல் பகுதிகளில் சில கிணறுகளில் ஆர்சனிக் உண்டு. அதற்கு மணமோ ருசியோ கிடையாது, டிடிஎஸ் மீட்டரும் காட்டாது, தனிப் பரிசோதனைப் பெட்டியால்தான் பார்க்க முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மழைநீரை இறக்கினால் ஆர்சனிக் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், குடிநீருக்கு வேறு வழி பார்த்தே ஆக வேண்டும்.

மண் குடிக்குமா என்று பாருங்கள்

ஆட்கள் அவசரப்படுவது இங்கேதான், பணம் வீணாவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லா மண்ணும் தண்ணீரைக் கீழே விடாது. மணல் கலந்த செம்மண் விடும். கரிசல் ஒரு மாதிரி ஏமாற்றும்: கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், முதல் மழையை அந்த வெடிப்புகள் அப்படியே விழுங்கும், அதைப் பார்த்து ஆஹா என்று நினைத்தால், மண் ஊறி உப்பி வெடிப்புகள் மூடியதும் அடுத்த மழை மேலேயே தேங்கி நிற்கும்.

எனவே குளமோ குழியோ எங்கே வெட்டப்போகிறீர்களோ அங்கே ஒரு அடி அகலம், இரண்டு அடி ஆழத்தில் சின்னக் குழி தோண்டுங்கள். மாலையில் நிரம்பத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊற விடுங்கள். காய்ந்த மண் முதலில் குடிக்கும் வேகம் கணக்கில் சேராது. மறுநாள் காலை மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு, அரை மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குச்சியில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். மணிக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் நல்ல இடம். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அங்கே கசிவுக் குளம், அதாவது தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவதற்கான குளம், வெட்டாதீர்கள். அந்த இடம் தண்ணீரைத் தேக்கி வைத்துப் பாய்ச்ச லாயக்கு, கீழே இறக்க லாயக்கில்லை.

ஒரு குழியோடு விடாதீர்கள். நிலத்தின் மேல்மூலை, நடு, ஓடைப்பக்கம் என்று மூன்று நான்கு இடத்தில் பாருங்கள். மேலே மணலாக இருந்தாலும் நான்கு ஐந்து அடியில் சுண்ணாம்பு கலந்த சுக்கான் அடுக்கு கெட்டியாக ஓடினால் தண்ணீர் அதன் மேல் நின்றுவிடும், ஆகவே குளம் வெட்ட நினைக்கும் இடத்தில் ஒரே ஒரு குழியையாவது குளத்தின் அடிமட்டம் வரை தோண்டி, அந்த ஆழத்தில் இதே சோதனையைச் செய்யுங்கள். ஊரில் கிணறு வெட்டிய வயசானவர் யாராவது இருந்தால் அவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள், எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் மணல், எங்கே உப்பு என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

குடிநீர்க் குளத்தைத் தொடாதீர்கள்

பர்மாத் தமிழர்களான நம் முன்னோர் நிறையப் பேர் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து வந்தவர்கள். அதுவும் வானம் பார்த்த பூமி, இதுவும் வானம் பார்த்த பூமி, இரண்டிலும் பனைதான் அடையாளம். அங்கே ஊருணி வேறு, கண்மாய் வேறு. ஊருணி குடிக்க. அடியில் களிமண் படிந்து, தண்ணீர் கீழே இறங்காமல் கோடை வரை நிற்க வேண்டும். கண்மாய் பாசனத்துக்கு. அதில் தண்ணீர் நின்றால் சுற்றியுள்ள கிணறுகளும் ஊறும். இங்கே கிராமங்களில் இருக்கும் குடிநீர்க் குளம் ஊருணியைப் போன்றதுதான். நிலத்தடி நீர் சேர்க்கிறோம் என்று நல்ல எண்ணத்தோடு அதை ஆழப்படுத்தி, அடியிலுள்ள களிப் படிவை இயந்திரம் வைத்துச் சுரண்டிவிட்டால், அடுத்த கோடையில் ஊருக்கே குடிக்கத் தண்ணீர் இருக்காது. தூர் வாருவதென்றால் மேலே படிந்த சேற்றை மட்டும், அதுவும் ஊர்ப் பெரியவர்களையும் பௌத்த மடத்தையும் கலந்து பேசித்தான். கசிவுக் குளம் வேண்டுமென்றால் அதற்கு வேறு இடம் பாருங்கள்.

மேலிருந்து கீழே வாருங்கள்

நல்ல மழை ஒன்று பெய்யும்போது குடையோடு நிலத்தைச் சுற்றி நடந்து, தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது, எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். அந்த ஒரு நடையிலேயே பாதித் திட்டம் கிடைத்துவிடும். அப்புறம் வேலையை மேட்டிலிருந்து தொடங்குங்கள். பலர் நேராகக் கிணற்றடியில் குழி வெட்டத்தான் ஓடுகிறார்கள். மேலே எதுவும் செய்யாமல் கீழே குழி வெட்டினால் முதல் வெள்ளத்திலேயே சேறு வந்து அதை மூடிவிடும்.

மேட்டு நிலத்தில் சரிவுக்குக் குறுக்காக வரப்பு. சரிவை நெட்டாக வெட்டும் வரப்பு தண்ணீரை ஓடவிடும், ஒரே மட்டமாகப் போகும் வரப்பு நிறுத்தும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் இருந்தால் போதும்: உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கு ஒரு நுனியாகப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே உயரம் காட்டும் இடங்களில் முளை அடித்துக்கொண்டே போனால் மட்டக்கோடு தானாக வந்துவிடும். அது நேர்கோடாக இருக்காது, வளைந்துதான் போகும், அதை அழகுக்காக நேராக்காதீர்கள். வரப்பு ஒன்றரை அடி உயரம் இருந்தால் சாதாரணமாகப் போதும். மிகுந்த தண்ணீர் வெளியேறக் கல் பதித்த கழுங்கு ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கனமழையில் வரப்பு தனக்குப் பிடித்த இடத்தில் உடையும். வரப்பின் மேல் வெட்டிவேர் அல்லது துவரை வையுங்கள், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

பயிர் வைக்காத சரிவாக இருந்தால் வரப்புக்குப் பதில் விட்டு விட்டு அகழிகள். பத்து அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் போடுங்கள். ஒரு அகழி ஒருமுறை நிரம்பினால் சுமார் 640 லிட்டர். இருபது அகழி வெட்டினால் ஒவ்வொரு நல்ல மழைக்கும் பன்னிரண்டாயிரம் லிட்டருக்கு மேல் நிற்கும், மழைக்காலம் முழுக்க எத்தனை முறை நிரம்புகிறதோ அத்தனை மடங்கு. மேல்வரிசையில் இரண்டு அகழிகளுக்கு நடுவே விட்ட இடைவெளிக்கு நேராகக் கீழ்வரிசை அகழி வர வேண்டும்.

நிலத்துக்குள் வாய்க்கால் மாதிரி அரித்துக்கொண்டு போகும் பள்ளங்கள் இருந்தால் கல் தடுப்பு போடுங்கள். சிமெண்ட் வேண்டாம். கையால் தூக்க முடிகிற அளவு கல்லை இரண்டு கரைக்குள்ளும் ஓரடியாவது புதைத்து அடுக்கி, நடுவை ஓரங்களைவிடத் தாழ்வாக விடுங்கள், அப்போதுதான் தண்ணீர் நடுவில் வழியும், கரையை அரிக்காது. வழியும் இடத்தின் கீழேயும் கற்களைப் பரப்புங்கள். உயரம் மூன்று அடியைத் தாண்டக்கூடாது. கீழ்த் தடுப்பின் உச்சி மேல்த் தடுப்பின் அடிமட்டத்துக்குச் சமமாக வருகிற தூரத்தில் அடுத்தடுத்துப் போடுங்கள். முதல் மழை வடிந்ததும் போய்ப் பார்த்தால் தடுப்பின் பின்னால் மெல்லிய வண்டல் படிந்து, காய்ந்து, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு கிடக்கும். அது உங்கள் வயலின் மேல்மண், இல்லாவிட்டால் ஓடையோடு போயிருக்கும். வண்டல் நிறைந்ததும் அதிலேயே பூசணிக்கொடி போடலாம், ஈரம் வெகுநாள் நிற்கும்.

கசிவுக் குளம் இதற்கெல்லாம் அப்புறம்தான். மேலே 30 அடிக்கு 30 அடி, ஐந்து அடி ஆழம், பக்கங்கள் சரிவாக, அடியில் 20க்கு 20 என்று வெட்டினால் ஒரு நிரப்புக்குச் சுமார் 90,000 லிட்டர் பிடிக்கும். கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர் நுழையும் வாயில் சின்னச் சேற்றுக்குழி ஒன்று தனியாக வையுங்கள், சேறு அங்கேயே படியட்டும். இந்தக் குளத்தில் தண்ணீர் பங்குனி வரை நின்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். அப்படி நின்றால் அடி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். வெயில் காலத்தில் இங்கே திறந்த நீர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஆவியாகும், நான்கு மாதம் நின்றால் இரண்டு அடித் தண்ணீர் காற்றோடு போகும். நிரம்பி, சில நாளில் வடிந்து, மறுபடி நிரம்புவதுதான் நல்ல கசிவுக் குளம். வற்றிய பின் தை, மாசியில் அடியில் படிந்த சேற்றைச் சுரண்டி எடுத்து வயலுக்கு அடியுங்கள், எரு மாதிரி. பிள்ளைகள் இருக்கும் இடமென்றால் குளத்தைச் சுற்றி வேலி கட்டாயம்.

மணல் ஓடை உங்கள் நிலத்தை ஒட்டிப் போனால் உங்களுக்கு யோகம். கோடையில் ஓடை காய்ந்த பின்னும் மணலுக்குள் தண்ணீர் இருக்கும், ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொள்கிறார்களே, அதுதான். அந்த மணலை லாரிக்காரர்களுக்கு விற்காதீர்கள், ஊரில் யாரையும் விற்க விடாதீர்கள். மணல் போனால் தண்ணீர் தங்க இடமே இல்லை.

கிணற்றடியும் கூரையும்

கடைசியாகக் கிணறு. திறந்த கிணற்றிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, ஆறு அடிக்கு ஆறு அடி, ஆறு அடி ஆழத்தில் குழி. அடியில் பெரிய கல், நடுவில் கூழாங்கல், மேலே ஓரடி மணல். தண்ணீர் மணலில் வடிந்து மண் வழியாக ஊறிக் கிணற்றுக்குப் போகட்டும், குழாய் போட்டு நேராகக் கிணற்றுக்குள் விட வேண்டாம். மேல் மணலை வருஷம் ஒருமுறை எடுத்துக் கழுவிப் போடுங்கள்.

போர்க் குழாய்க்குள் வயல் தண்ணீரை விடலாம் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சேறு வடிகுழாயின் கண்களை அடைத்துவிடும், போர் செத்துப்போகும். அதைவிட மோசம், மருந்து அடித்த வயலின் தண்ணீரும் மாட்டுத் தொழுவத்தின் தண்ணீரும் வடிகட்டும் மண்ணைத் தொடாமல் நேராக அடிநீருக்குப் போய்ச் சேரும். ஒருமுறை கெட்டால் அதை யாராலும் கழுவி எடுக்க முடியாது. கழிவறைக் குழியிலிருந்து நூறு அடியாவது தள்ளித்தான் எந்தச் சேர்ப்புக் குழியும் வெட்ட வேண்டும்.

தகரக் கூரைத் தண்ணீர் சுத்தமானது. 20க்கு 30 அடிக் கூரையில் ஒரு அங்குல மழைக்குச் சுமார் 1,400 லிட்டர் வரும். முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் வருவதைத் தொட்டியிலோ பெரிய ஜாடியிலோ குடிக்கச் சேமியுங்கள். வலை கட்டி மூடாவிட்டால் கொசு, டெங்கு. நிரம்பி வழிவது மட்டும் குழிக்குப் போகட்டும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். இங்கே யாரும் கட்டாயப்படுத்தப்போவதில்லை, நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

பழைய கிணற்றில் வேலை செய்வதென்றால் கவனம். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாந்தலேயிலிருந்து யமேதின் வரை உறைகள் விரிசல் விட்ட கிணறுகள் இருக்கலாம், இறங்கும் முன் சுவரைச் சுற்றிலும் பாருங்கள். வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் மூச்சுக்காற்று இருக்காது, அதில் யாரையும் இறக்காதீர்கள். குழி தோண்டும்போதும் இடுப்புக்கு மேல் ஆழம் போனால் மணல் மண்ணில் பக்கங்களைச் சரிவாக்கிக்கொள்ளுங்கள்.

எப்போது, யாரோடு

கடலை, எள் அறுவடை முடிந்து, திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன், அதாவது மாசி, பங்குனியில் மண்வேலையை முடித்துவிடுங்கள். மே நடுவில் முதல் மழை வந்துவிடும். குளம் வெட்டும் முன் கிராம அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். கையில் படிவம் 7 என்னும் விவசாய நிலப் பயன்பாட்டு உரிமைச் சான்று இருந்தாலும், 2012ஆம் ஆண்டு விவசாய நிலச் சட்டப்படி நிலத்தின் பயன்பாட்டை மாற்ற அனுமதி வேண்டும், குளத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இறைப்பதையும் குறைக்க வேண்டும், அதைச் சொல்லாமல் விட முடியாது. சோலார் பம்பு வந்த பின் டீசல் செலவு இல்லை என்று வெயில் இருக்கும் வரை ஓடவிடுகிறார்கள். கோடையில் நெல் போட்டுக்கொண்டு அகழி வெட்டினால் சேர்ந்தது அத்தனையும் அந்த நெல்லுக்கே போய்விடும். கோடைக்குப் பாசிப்பயறு மாதிரிக் குறைந்த தண்ணீர்ப் பயிர், செடிக்கடியில் வைக்கோல் மூடாக்கு, முடிந்தால் சொட்டுநீர். இவ்வளவு செய்தாலே பம்பு ஓடும் நேரம் கண்ணுக்குத் தெரிந்து குறையும்.

முதல் வருஷமே உங்கள் கிணறு பொங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மண்ணுக்குள் போன தண்ணீருக்கு வேலி கிடையாது, சரிவைப் பார்த்து நகரும், அதனால் நீங்கள் வெட்டிய அகழிக்குப் பக்கத்துத் தோட்டக்காரரின் கிணறு முதலில் ஊறலாம். அதே மாதிரி உங்களுக்கு மேலே இருப்பவர் வரப்புப் போட்டால் அதன் பலன் உங்களுக்கு வரும். ஆகவே மேல் நிலக்காரர், கீழ் நிலக்காரர் இருவரையும் தை மாதத்திலேயே பார்த்துப் பேசி, ஓடையின் ஒரே பக்கத்தில் இருக்கும் நான்கைந்து கிணறுகளையும் ஒரே பௌர்ணமியில் அளந்து ஒரே நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.